பயாப்சி அறிக்கையில் 'மெட்டாபிளேசியா' என்று வந்திருக்கிறதா?

இரைப்பைப் புண், வாயுத் தொல்லை பற்றி எப்போதும் வரும் கடிதங்களோடு, இம்முறை எண்டோஸ்கோப்பி அறிக்கையின் நகலை இணைத்து அனுப்பியவர்களும் பலர். அந்த அறிக்கைகளில் இருக்கும் ஒரே ஒரு சொல் பலருடைய தூக்கத்தைக் கெடுத்திருப்பது தெரிவதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் வயது 47. இரண்டு ஆண்டுகளாக மேல்வயிற்றில் எரிச்சல், சிறிது சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிட்டது போன்ற உணர்வு. எண்டோஸ்கோப்பி செய்தார்கள். பயாப்சி அறிக்கையில் 'நாட்பட்ட அட்ரோபிக் கேஸ்ட்ரைட்டிஸ், இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா, எச். பைலோரி பாசிட்டிவ், டிஸ்பிளேசியா இல்லை' என்று உள்ளது. பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் மருத்துவர். இது புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்கிறார் மருந்தகம் நடத்தும் உறவினர். யார் சொல்வதை நம்புவது? இரைப்பையை எடுத்துவிட வேண்டி வருமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: இருவரும் சொல்வது உண்மைதான், ஆனால் இருவருமே பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். இரைப்பையை எடுக்க வேண்டிய நிலை இது இல்லை. அந்த அச்சத்தை முதலில் விட்டுவிடுங்கள். அதே சமயம், மாத்திரையை விழுங்கிவிட்டு அறிக்கையை மறந்துவிடலாம் என்ற நிலையும் இல்லை.

உங்கள் அறிக்கையில் உள்ள சொற்கள் ஒரு நீண்ட பாதையின் படிகள். கொலம்பியா நாட்டைச் சேர்ந்த நோயியல் அறிஞர் பெலாயோ கொரேயா, இரைப்பைப் புற்றுநோய் மிகுந்திருந்த அந்நாட்டின் மலைப்பகுதி மக்களின் இரைப்பைத் திசுக்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1975இல் இந்தப் பாதையை வரைந்து காட்டினார். முதலில் இரைப்பையின் உட்சவ்வில் அழற்சி. அது பல ஆண்டுகள் நீடித்தால், அமிலத்தையும் செரிமான நொதியையும் சுரக்கும் சுரப்பிகள் மெல்ல மெல்ல அழிந்து சவ்வு மெலிந்துபோகிறது, இதுவே அட்ரோபி. அழிந்த சுரப்பிகள் இருந்த இடத்தில் இரைப்பைக்கு உரியவை அல்லாத, குடலுக்கு உரிய செல்கள் முளைப்பது மெட்டாபிளேசியா. நுண்ணோக்கியில் பார்க்கும் நோயியல் மருத்துவருக்கு இது தப்பாது. இரைப்பையில் இருக்கவே கூடாத கோப்பை வடிவச் செல்கள், சாயம் ஏற்றியதும் வயிற்றில் நீலச் சளியை ஏந்திக்கொண்டு வரிசையாக நிற்கும். இதற்கும் அடுத்த படி டிஸ்பிளேசியா. அங்கேதான் செல்களின் ஒழுங்கு குலையத் தொடங்குகிறது. புற்றுநோய் அதற்கும் அப்பால் இருக்கிறது.

நீங்கள் நிற்பது மெட்டாபிளேசியாவில். இந்தப் படியில் நிற்பவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் அதற்கு மேல் ஏறுவதே இல்லை. நெதர்லாந்தில் நாடு முழுவதற்குமான பயாப்சிப் பதிவேட்டை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கணக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஓர் ஆண்டில் புற்றுநோய் காணப்பட்டவர்கள், அட்ரோபி உள்ளவர்களில் ஏறத்தாழ 1000 பேருக்கு 1. மெட்டாபிளேசியா உள்ளவர்களில் 400 பேருக்கு 1. மிதமான டிஸ்பிளேசியாவில் 1000 பேருக்கு 6. கடுமையான டிஸ்பிளேசியாவிலோ அந்த எண் 100 பேருக்கு 6 ஆகத் தாவிவிடுகிறது. உங்கள் அறிக்கையின் கடைசியில் உள்ள 'டிஸ்பிளேசியா இல்லை' என்ற இரண்டு சொற்களின் மதிப்பு இப்போது விளங்கும். மற்ற சொற்களைப் பார்த்துக் கலங்கியவர்கள் இந்த இரண்டையும் வாசிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இந்தப் பாதையில் ஆளைத் தள்ளிக்கொண்டு போவது பெரும்பாலும் எச். பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் ஆகிய இருவரும் 1982இல் இதைச் சோதனைத் தட்டில் வளர்த்துக் காட்டினார்கள். அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று நம்பிய மருத்துவ உலகம் ஏற்க மறுத்ததால், 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, தன் இரைப்பையில் அழற்சி உண்டானதை மெய்ப்பித்தார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1994இல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதைப் புற்றுநோயை உண்டாக்குவது என உறுதிசெய்யப்பட்ட முதல் வகையில் சேர்த்துவிட்டது. ஜப்பானில் 1526 பேரைச் சராசரியாக 7.8 ஆண்டுகள் கண்காணித்து 2001இல் வெளிவந்த ஆய்வில் 36 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தது. அந்த 36 பேருமே கிருமி இருந்தவர்கள். கிருமி இல்லாதிருந்த 280 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தக் கிருமியை அடியோடு அழிப்பது. அழித்தால் மெட்டாபிளேசியா மறைந்துவிடுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அட்ரோபி ஓரளவு சீராகலாம். மெட்டாபிளேசியா பலருக்கும் அப்படியே தங்கிவிடுகிறது. சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் 1630 பேரிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், சவ்வு மாற்றங்கள் தொடங்கும் முன்பே கிருமியை ஒழித்தவர்களில் ஒருவருக்கும் புற்றுநோய் வரவில்லை. மாற்றங்கள் ஏற்பட்ட பிறகு ஒழித்தவர்களுக்கு அந்த அளவு முழுமையான பாதுகாப்பு கிட்டவில்லை. இதிலிருந்து, தாமதமாகிவிட்டது, இனி மருந்து எதற்கு என்ற முடிவுக்கு யாரும் போய்விட வேண்டாம். சீனாவின் லின்ச்சூ வட்டாரத்தில் இரண்டே வாரம் மருந்து கொடுத்துவிட்டு 22 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், மருந்து உண்டவர்களுக்குப் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. மருந்து உங்கள் ஆபத்தைக் குறைக்கும். மீதமிருக்கும் ஆபத்தைக் கண்காணிப்புப் பார்த்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்ததுதான் சிகிச்சை.

கேள்வி: எனக்கு எச். பைலோரி இருப்பதாகச் சொல்லி 14 நாட்களுக்கு நான்கு விதமான மாத்திரைகள் கொடுத்தார்கள். ஐந்தாம் நாளிலிருந்து மலம் கறுப்பாகப் போனது. வாயில் இரும்பைக் கடித்தது போல் ஒரு சுவை. பயந்து பத்தாம் நாள் நிறுத்திவிட்டேன். இப்போது வயிற்று எரிச்சல் முழுவதும் போய்விட்டது. கிருமியும் போயிருக்கும்தானே?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம், அம்மா. எரிச்சல் நின்றதை வைத்து அதை முடிவுசெய்ய முடியாது. உங்கள் எரிச்சலைத் தணித்தது அந்த நான்கில் ஒன்றான அமிலக் குறைப்பு மாத்திரையாக இருக்கக்கூடும். கிருமி, வலி எதையும் காட்டாமலேயே பல பத்தாண்டுகள் உள்ளே இருக்க வல்லது.

மலம் கறுத்ததற்குக் காரணம் பிஸ்மத் மாத்திரை. அந்த உலோகம் குடலில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து கரி நிறமாக மாறுகிறது. மருந்து முடிந்ததும் நிறம் தானாகவே திரும்பிவிடும். இரும்புச் சுவை மெட்ரானிடசோல் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தால் வந்தது. இந்த இரண்டையும் மருந்துச்சீட்டு கொடுக்கும்போதே ஒரு நிமிடம் எடுத்துச் சொல்லியிருந்தால் நீங்கள் நிறுத்தியிருக்க மாட்டீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. இது எங்கள் தரப்பில் நேரும் குறை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பிஸ்மத்தோ இரும்புச்சத்து மாத்திரையோ சாப்பிடாத ஒருவருக்கு மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பும் கடும் நாற்றமுமாகப் போனால் அது இரத்தக் கசிவாக இருக்கலாம். அப்போது அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

14 நாட்கள் என்பதும் காரணமில்லாமல் வைத்த எண் அன்று. நம் நாட்டில் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளைக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டே வந்திருப்பதால், இந்தக் கிருமி மெட்ரானிடசோலுக்கும் கிளாரித்ரோமைசினுக்கும் பல இடங்களில் பழகிவிட்டது. பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்கிய கிருமிகள் செத்து, அடங்காதவை மட்டும் எஞ்சி நிற்கும். அடுத்த முறை அதே மருந்து பலிக்காமல் போகலாம்.

இப்போது செய்ய வேண்டியது ஒரு சோதனை. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தை நிறுத்தி குறைந்தது 4 வாரங்களும், பான்டோபிரசோல், ஓமெப்ரசோல் போன்ற 'கேஸ் மாத்திரை'களை நிறுத்தி குறைந்தது 2 வாரங்களும் கழிந்த பிறகு யூரியா மூச்சுச் சோதனை செய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றில் ஒரு பையில் ஊத வேண்டும். பிறகு யூரியா கலந்த நீரைக் குடித்துவிட்டு அரைமணி நேரம் போல உட்கார்ந்திருந்து, இன்னொரு பையில் ஊத வேண்டும். அவ்வளவுதான். கிருமி உயிரோடு இருந்தால் அது யூரியாவை உடைத்துக் கரியமில வாயுவாக்கும். யூரியாவில் அடையாளமிட்டு வைத்த கரிமம் உங்கள் மூச்சில் வந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்த வசதி இல்லாத ஊரில் மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் சோதனை செய்யலாம். இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனை இதற்கு உதவாது. கிருமி செத்த பின்னும் எதிர்ப்பொருள் பல மாதங்கள், சிலருக்குப் பல ஆண்டுகள்கூட, இரத்தத்தில் நீடிக்கும்.

சோதனையில் கிருமி இருப்பது தெரிந்தால் மனம் தளர வேண்டாம். வேறு மருந்துக் கூட்டு உள்ளது. பழைய சீட்டையே கடையில் நீட்டி மறுபடி வாங்கிவிடாதீர்கள். எந்த மருந்தை எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்த கூட்டைத் தேர்ந்தெடுக்க அவருக்கு வேண்டியது அந்தத் தகவல்தான்.

கேள்வி: மெட்டாபிளேசியாவுக்காக ஒரு மருத்துவர் ஆண்டுதோறும் எண்டோஸ்கோப்பி செய்யச் சொல்கிறார், இன்னொருவர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்கிறார், மூன்றாமவர் தேவையே இல்லை என்கிறார். ஒரே அறிக்கைக்கு இத்தனை பதிலா?
— வாசகர், திருப்பூர்

பதில்: ஒரே அறிக்கை என்று நீங்கள் நினைப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. மெட்டாபிளேசியா எங்கே இருக்கிறது, எவ்வளவு பரவியிருக்கிறது, எந்த வகை என்ற மூன்றும் தெரியாமல் யாராலும் சரியான தேதி சொல்ல முடியாது. நீங்கள் இணைத்திருந்த அறிக்கையில் 'இரைப்பைத் திசு, இரண்டு துண்டுகள்' என்று மட்டுமே உள்ளது. அவை எங்கிருந்து எடுத்தவை என்ற குறிப்பில்லை. மூன்று மருத்துவர்களும் இல்லாத தகவலை ஆளுக்கொரு விதமாக ஊகித்திருக்கிறார்கள்.

முறையாகச் செய்தால், ஆன்ட்ரம் எனப்படும் கீழ்ப்பகுதியிலிருந்து இரண்டு துண்டும், கார்பஸ் எனப்படும் உடற்பகுதியிலிருந்து இரண்டு துண்டும் எடுத்து, தனித்தனிப் புட்டிகளில் இட்டு, எந்தப் புட்டி எந்த இடம் என்று எழுதி அனுப்ப வேண்டும். இரண்டும் சந்திக்கும் வளைவிலிருந்து ஐந்தாவது துண்டும் எடுப்பது நல்லது. எல்லாவற்றையும் ஒரே புட்டியில் போட்டுவிட்டால் நோயியல் மருத்துவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் பரவலைச் சொல்ல முடியாது. எண்டோஸ்கோப்பிக்குப் போகும்போது "இரண்டு புட்டியில் அனுப்புவீர்களா, டாக்டர்?" என்று பணிவாகக் கேட்பதில் தவறே இல்லை. அவசரமில்லாமல் பார்ப்பதும் அதே அளவு முக்கியம். உட்சவ்வில் படிந்திருக்கும் சளியையும் நுரையையும் கழுவி, முழு ஆய்வுக்கும் குறைந்தது 7 நிமிடம் செலவிட வேண்டும் என்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல்.

அந்தத் தகவல் கைக்கு வந்தபின் தேதி குறிப்பது எளிது. 2019இல் வந்த ஐரோப்பிய நெறிமுறையின்படி, ஆன்ட்ரத்தில் மட்டும் மிதமான மாற்றம் இருந்து, குடும்பத்தில் யாருக்கும் இரைப்பைப் புற்றுநோய் இல்லாமல், கிருமியும் ஒழிந்துவிட்டதென்றால் தொடர் எண்டோஸ்கோப்பி தேவையில்லை. ஒரே பகுதியில் இருந்தாலும், பெற்றோர் அல்லது உடன்பிறந்தாருக்கு அந்த நோய் வந்திருந்தாலோ, மெட்டாபிளேசியா பெருங்குடல் செல்களை ஒத்த 'முழுமையற்ற' வகையாக இருந்தாலோ, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கலாம். இரு பகுதிகளிலும் பரவிய கடுமையான மாற்றத்துக்கும் மூன்று ஆண்டு. அதோடு குடும்ப வரலாறும் சேர்ந்தால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை. அமெரிக்க இரைப்பைக்குடல் மருத்துவர் சங்கமோ 2020இல், மெட்டாபிளேசியா உள்ள எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யத் தேவையில்லை, ஆபத்து மிகுந்தவர்களுக்கு நோயாளியோடு கலந்து முடிவெடுக்கலாம் என்றது. இந்தியாவில் வயது வந்தோரில் பாதிக்கு மேற்பட்டோரிடம் கிருமி இருந்தும், ஜப்பானையும் கொரியாவையும் ஒப்பிடும்போது இரைப்பைப் புற்றுநோய் இங்கே மிகக் குறைவு. அந்த நாடுகளின் அட்டவணையை அப்படியே நம் மக்கள்மீது சுமத்துவது வீண் செலவும் வீண் அச்சமும்தான் என்பது என் கருத்து. ஆனால் மிசோரம் போன்ற வடகிழக்கு மாநிலங்கள் இதற்கு விலக்கு. நாட்டிலேயே இந்த நோய் மிக அதிகமாக உள்ள பகுதி அது.

உங்களைப் பொறுத்தவரை, முறையாகத் துண்டுகள் எடுத்து ஒருமுறை எண்டோஸ்கோப்பி செய்துகொள்வதே என் பரிந்துரை. அதன்பின் அந்த ஒரு பக்க பயாப்சி அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். என்னிடம் வருபவர்களில் பலர் எண்டோஸ்கோப்பியின் வண்ணப் படங்களை உறையில் போட்டு அழகாக வைத்திருப்பார்கள். பயாப்சித் தாள் எங்கே என்று கேட்டால் தேட வேண்டும் என்பார்கள். மூன்று ஆண்டு கழித்து ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு வேண்டியது அந்தத் தாள்தான்.

கேள்வி: என் தந்தை 58 வயதில் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார். எனக்கு 36 வயது. எந்தத் தொந்தரவும் இல்லை. நானும் தம்பியும் சோதனை செய்துகொள்ள வேண்டுமா?
— வாசகி, சென்னை

பதில்: செய்துகொள்ளுங்கள். தொந்தரவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்த நோய் இருந்த 1676 பேரைக் கொரியாவில் 9 ஆண்டுகளுக்கு மேல் கண்காணித்து 2020இல் வெளியிட்ட ஆய்வு உங்களைப் போன்றவர்களுக்காகவே நடத்தியது. எச். பைலோரிக்கு மருந்து பெற்றவர்களில் 1.2 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 2.7 விழுக்காட்டினருக்கும் புற்றுநோய் வந்தது. கிருமி உண்மையிலேயே ஒழிந்துவிட்டது என்று உறுதியானவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 0.8 விழுக்காடு. மருந்து உண்பது வேறு, கிருமி ஒழிந்ததை உறுதிசெய்வது வேறு என்று திண்டுக்கல் வாசகிக்கு நான் அவ்வளவு எழுதியதன் காரணம் இதுதான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் தந்தையின் பயாப்சி அறிக்கையில் 'டிஃப்யூஸ்' வகை (செல்கள் ஒன்றாகத் திரளாமல் சிதறிப் பரவுவது) என்று இருந்து, குடும்பத்தில் வேறு யாருக்கும் இளம் வயதிலேயே இரைப்பைப் புற்றுநோயோ மார்பகப் புற்றுநோயோ வந்திருந்தால், மரபணு மருத்துவரையும் பார்க்க வேண்டும். நியூசிலாந்தின் ஒரு மாவோரிக் குடும்பத்தை ஆராய்ந்து 1998இல் கண்டறிந்த சிடிஎச்1 என்ற மரபணுக் குறைபாட்டால் வரும் புற்றுநோய், நான் மேலே சொன்ன படிகளில் ஏறி வருவதில்லை. சவ்வுக்கு அடியில் ஒளிந்து வளர்வதால் சாதாரண எண்டோஸ்கோப்பிக்கு எளிதில் அகப்படுவதும் இல்லை. இது அரிது, ஆனாலும் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டிய அரிது.

கேள்வி: ஊறுகாய், கருவாடு, மிளகாய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். தினமும் வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு சாப்பிடுகிறேன். மெட்டாபிளேசியா குறையுமா?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: பூண்டை நிறுத்திவிடலாம், அதுவே உங்கள் எரிச்சலைக் கூட்டும். முன்பு சொன்ன லின்ச்சூ ஆய்வில் பூண்டுச் சாறும் எண்ணெயும் அடைத்த மாத்திரைகளை ஏழு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்ததில் நம்பிக்கையூட்டும் அறிகுறிகள் தெரிந்தன. ஆனால் புற்றுநோய் வருவதைத் தடுத்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. மெட்டாபிளேசியாவைத் திருப்பிவிடும் உணவு எதுவும் இல்லை.

உப்பைக் குறைத்தது சரி. உப்பு அதிகமானால் உட்சவ்வைக் காக்கும் சளிப் படலம் அரிக்கப்பட்டு, கிருமியின் வேலை எளிதாகிறது. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு, குழம்பு, மோர், அப்பளம் எல்லாவற்றையும் சேர்த்து. எனவே ஊறுகாயும் கருவாடும் எப்போதாவது போதும். மிளகாயைப் பற்றி அவ்வளவு அஞ்ச வேண்டாம், எரிந்தால் குறையுங்கள். காய்களும் பழங்களும் நிறைய உண்ணுங்கள். புகை பிடிப்பது பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. பீடியோ சிகரெட்டோ பழக்கம் இருந்தால், மற்ற எல்லாப் பத்தியத்தையும்விட அதை விடுவதே உங்கள் இரைப்பைக்குச் செய்யும் பெரிய நன்மை.

கேள்வி: என் தாய்க்கு வயது 66. பி12 குறைபாட்டுக்கு ஊசி போடுகிறோம். எண்டோஸ்கோப்பியில் எச். பைலோரி இல்லை; ஆனால் 'கார்பஸ் பகுதியில் கடுமையான அட்ரோபி, சிறு புடைப்பு ஒன்றில் குறைந்த நிலை டிஸ்பிளேசியா' என்று வந்துள்ளது. வயதானவர், விட்டுவிடலாம் என்கிறார்கள் வீட்டில்.
— வாசகர், திருநெல்வேலி

பதில்: விட்டுவிட வேண்டாம். இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களிலேயே உடனே கவனிக்க வேண்டியது உங்களுடையதுதான்.

உங்கள் தாய்க்கு இருப்பது, உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே இரைப்பையின் சுரப்பிகளைத் தாக்கும் தன்தடுப்பு அழற்சியாக இருக்கலாம். கார்பஸ் பகுதியின் செல்கள் அமிலத்தோடு, பி12 உயிர்ச்சத்தைக் குடல் உறிஞ்சத் துணைபுரியும் புரதத்தையும் சுரப்பவை; அவை அழிந்ததால்தான் ஊசி தேவைப்படுகிறது. ஊசியை நிறுத்தக் கூடாது. ஆனால் ஊசி இரத்தத்தையும் நரம்பையும் காக்குமே தவிர, இரைப்பைச் சவ்வை மாற்றாது. இரும்புச்சத்தின் அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அட்ரோபி முற்றிய இரைப்பையில் எச். பைலோரி வாழ இடமின்றி மறைந்திருக்கவும் கூடும் என்பதால், இரத்தத்திலோ மலத்திலோ மறுபடி ஒருமுறை தேடுவதும் நல்லது; இங்கே பழைய தொற்றின் சுவட்டையும் தேடுவதால் இரத்தச் சோதனையும் உதவும்.

கண்ணுக்குத் தெரியும் புடைப்பில் டிஸ்பிளேசியா என்றால், குறைந்த நிலையாக இருந்தாலும் அதைக் கண்காணித்துக்கொண்டு இருப்பதைவிட எடுத்துவிடுவதே முறை. பயாப்சிக் கவ்வி கிள்ளியது ஓர் அரிசியளவுதான். மீதிப் பகுதியில் அதைவிட முற்றிய மாற்றம் இருப்பது, முழுவதையும் எடுத்துப் பார்க்கும்போது சில சமயம் தெரியவருகிறது. வயிற்றைத் திறக்காமல், எண்டோஸ்கோப்பி வழியாகவே புடைப்புக்கு அடியில் திரவம் செலுத்தி அதை உயர்த்தி, சிறு மின்கத்தியால் சுற்றி அறுத்து ஒரே துண்டாக எடுக்கும் ஈ.எஸ்.டி. முறை, ஜப்பானில் வளர்ந்து இன்று நம் மாநிலத்தின் பெரிய மருத்துவமனைகளிலும் நடைபெறுகிறது. பொதுவாகச் சில நாட்களில் வீடு திரும்பலாம். 66 வயது இதற்குத் தடையில்லை. இதயம், நுரையீரல் நிலையையும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அறிக்கையையும், முடிந்தால் மெழுகுக் கட்டையில் பதித்து வைத்திருக்கும் திசுவையும் ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கிக்கொண்டு, இந்த மாதத்திற்குள்ளேயே இரைப்பைக்குடல் சிறப்பு மருத்துவரிடம் அம்மாவை அழைத்துச் செல்லுங்கள். டிஸ்பிளேசியாவை இன்னொரு நோயியல் மருத்துவரும் பார்த்து உறுதிசெய்வது வழக்கம். அதற்கு அந்தக் கட்டை வேண்டும்.